நாணல் செருகிய வீடு

பெண் பிறந்தால் அப்பன் தலையில் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஆண் பிறந்தால் தடியால் நாலு சாத்துச் சாத்த வேண்டும். லெசோத்தோ மலையில் பிள்ளை பிறந்த சேதியைச் சொல்கிற முறை இதுதான். அடி விழுந்தால் பையன், நனைந்தால் பொண்ணு. வாயைத் திறந்து ஒருத்தரும் சொல்ல வேண்டியதில்லை.

பேக்கோவுக்குத் தண்ணீர் விழுந்தது ஜூலை மாதத்தில். ஜூலை என்றால் எங்களுக்கு நடுக்குளிர். காலையில் ஓடையில் குடம் முக்கப் போகிறவர்கள் உறைந்த தண்ணீரைக் கல்லால் உடைத்துத்தான் முக்க வேண்டும். ஆட்டுப்பட்டியின் சுவரில் சரிந்துபோன கல்லை அவன் எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது, அக்கா மாதூசோ பூனை மாதிரி பின்னால் வந்து ஒரு வாளித் தண்ணீரை அப்படியே தலையில் கவிழ்த்துவிட்டாள். தண்ணீர் கம்பளிக்குள் இறங்கி, முதுகு வழியாக ஓடி, ரப்பர் பூட்சுக்குள் போய்த் தங்கியது. பக்கத்து வீட்டு லெதூக்காவும் அவன் பெண்சாதியும் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பேக்கோவுக்குப் பல் கிட்டிப்போயிற்று. மூச்சு திரும்பியதும் அவனும் சிரித்தான்.

பிரசவ வீட்டுக்குள்ளிருந்து அவன் பெண்சாதி கெனுவேயின் குரல் வந்தது. பெற்றுப் போட்ட களைப்பிலும் அவளுக்குக் கேலி குறையவில்லை.

"நனைஞ்சுகிட்டு நிக்காத. போய்த் துணிய மாத்து. உனக்குக் காய்ச்சல் வந்தா பாக்க எனக்கு நேரமில்ல. எனக்கு வேற ஆள் வந்தாச்சு."

அன்றைக்கே மாதூசோ ஒரு நாணல் குச்சியை ஒடித்து வந்து, வாசலுக்கு மேலே கூரைப் புல்லில் செருகினாள். நாணல் செருகிய வீட்டுக்குள் ஆண்பிள்ளை கால் வைக்கக் கூடாது. வெளியே அலைகிற காலுக்குச் சூடு உண்டு. அந்தச் சூடு பச்சைப்பிள்ளைக்கு ஆகாது, பெற்ற அப்பன் காலாக இருந்தாலும். தாயும் பிள்ளையும் தலைக்கு ஊற்றிக்கொண்டு வெளியே வரும்வரை அவன் எதிரே இருக்கிற அடுப்படி வீட்டில்தான் படுக்க வேண்டும்.

பேக்கோவுக்கு இதை யாரும் படித்துப் படித்துச் சொல்ல வேண்டியதில்லை. சூடு கண்ட பூனை அவன். முதல் பிள்ளை பிறக்கும்போதே மூச்சில்லை. அந்தப் பழி யார் தலையிலும் விழவில்லை. இரண்டாவதாக ஒரு பையன் பிறந்தபோது அவன் எல்லைக்கு அப்பால் தங்கச் சுரங்கத்தில் இருந்தான். லீவு வாங்கி, லாரி மாறி லாரி ஏறி, மீதி மலையை நடந்து ஏறி, வழிப்புழுதியோடு வந்து நின்றவன் வாசலில் நாணலைப் பார்த்தான். பார்த்தும் நுழைந்தான். ஆசைதான், வேறென்ன. பையன் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு வெளியே வந்துவிட்டான். அடுத்த வாரமே பையன் வயிற்றுப்போக்கில் போய்ச் சேர்ந்தான். வயிற்றுப்போக்கு வராத வீடு எங்கள் மலையில் எது? ஆனாலும் ஊர் வாய்க்கு மெல்ல அவல் கிடைத்துவிட்டது. பேக்கோவின் காலைப் பற்றி ஓடைக்கரையில் பேசினார்கள், சாராய வீட்டில் பேசினார்கள். கெனுவே மட்டும் அவனை ஒரு சொல் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அதனால்தான் இந்தப் பெண்ணுக்கு மாதூசோ மொசெலான்ச்சா என்று பேர் வைத்தாள். நாயின் வால் என்று அர்த்தம். பிள்ளை தங்காத வீட்டில் இப்படி ஒரு பேர் வைத்தால் சாவு எட்டிப் பார்த்துவிட்டு, சீ என்று திரும்பிப் போய்விடும் என்பது எங்கள் நம்பிக்கை. நாய்வால் அழுதாள், நாய்வால் பால் குடித்தாள், நாய்வால் தும்மினாள் என்று வீடு முழுக்க அதே பேச்சு. பேக்கோ அவளைக் காதால் மட்டுமே அறிவான்.

அந்த வாரக் கடைசியில் ஒரு காலை வானம் ஈயச் சட்டி நிறத்தில் இறங்கி வந்து மலை முகட்டில் உட்கார்ந்துகொண்டது. குதிரைகள் எல்லாம் ஒரே பக்கமாகப் புட்டத்தைத் திருப்பிக்கொண்டு நின்றன. மாதூசோ கம்பளியை இழுத்துப் போர்த்து ஊக்குக் குத்திக்கொண்டு கிளம்பினாள்.

"வானத்தப் பாத்தியாக்கா? இன்னிக்குப் போவணுமா?" என்றான் பேக்கோ.

"என் மருமக ஒத்தையில கெடக்கா. ரெண்டு நாளா மாடு கறக்க வுடலன்னு ஆள் அனுப்பியிருக்கா. அந்த மாட்டுக்கு என் கைதான் பழக்கம். ஓடை தாண்டுனா என் வீடு. பொழுது சாயறதுக்குள்ள வந்து நிப்பேன்."

"பனி வந்துட்டா?"

"வந்தா வரட்டுமே. எனக்கென்ன, நான் சக்கரையா கரைஞ்சுபோறதுக்கு?" என்றவள், வாசல் நாணலைப் பார்த்துவிட்டு அவனைப் பார்த்தாள். "தம்பி. கதவுச் சந்துல கூழக் குடு, கரியக் குடு. குரல் குடு. காலக் குடுத்துடாத."

"எனக்குத் தெரியாதாக்கா?"

"போன தடவையும் உனக்குத் தெரியும்."

மாதூசோவுக்கே மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. நாலடி போனவள் திரும்பி, "நாய்வாலுக்கு மூக்கு உன் மூக்குதான். பாவம், பொட்டப்புள்ள," என்று சொல்லிவிட்டு ஓடைப் பக்கம் இறங்கினாள்.

உச்சிப்பொழுதுக்கு முன்னாலேயே பனி தொடங்கிவிட்டது. முதலில் உப்புத் தூவுகிற மாதிரி. பிறகு காற்று திசை மாறியதும் வானத்தில் ஒரு மூட்டையை அறுத்துவிட்டது போலக் கொட்டியது. பேக்கோ மேய்ச்சலிலிருந்த செம்மறிகளையும் மயிருக்காக வளர்க்கிற வெள்ளாடுகளையும் விசில் அடித்துக் கூட்டிக் கல்பட்டிக்குள் அடைத்தான். சினை ஆடுகளைச் சுவரின் மறைவுப் பக்கம் ஒதுக்கினான். எருக்கட்டிகளைக் கூடையில் அள்ளி அடுப்படி வீட்டுக்குள் குவித்தான். இதற்குள் எதிர் வீடு கண்ணுக்கு மறைந்துவிட்டது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு முற்றம்தான். அதைக் கடக்க அவன் கையை நீட்டித் துழாவிக்கொண்டு போக வேண்டியிருந்தது. மாதூசோ வரவில்லை. வர முடியாது என்று அவனுக்கு அப்போதே தெரிந்துபோயிற்று.

எருவை உள்ளே எரித்தால் புகை. பச்சைப்பிள்ளைக் கண்ணுக்கு ஆகாது. அதற்காகவே பேக்கோ பிரசவத்துக்கு முன்னால் கடையிலிருந்து ஒரு மூட்டை நிலக்கரி குதிரைமேல் ஏற்றி வந்திருந்தான். ஓட்டை போட்ட ஒரு தகர டின்னுக்குக் கம்பிக் கைப்பிடி கட்டியிருந்தான். அதில் கரியைப் போட்டு அடுப்படி வீட்டு வாசலில் வைத்து ஊதி, கறுப்புப் புகை அடங்கி, உள்ளே செக்கச்செவேல் என்று ஆனபிறகு தூக்கிக்கொண்டு போய்ப் பிரசவ வீட்டுக் கதவைத் தட்டுவான். கெனுவே கதவை ஒரு சாண் திறந்து, பழந்துணி சுற்றிய கையால் உள்ளே வாங்கிக்கொள்வாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பான்.

"புகை இருக்கா?"

"ஒரு பொட்டுப் புகை இல்ல. கல்யாண வீட்டு மெத்தை மாதிரி இருக்கு சூடு."

"கதவு அடியில காத்து வருதா?"

"வருது. சீட்டி அடிச்சுகிட்டு வருது. நீ என்னக் கட்டுறதுக்கு முன்னால அடிச்சியே, அந்த மாதிரி."

பேக்கோ சிரித்துக்கொண்டே போய்க் கோணிச் சாக்குகளைக் கொண்டு வந்தான். கதவின் அடியிலும் பக்கச் சந்துகளிலும் வெளியிலிருந்து திணித்தான். திணித்ததன்மேல் மண்வெட்டியால் பனியை அள்ளி அப்பி, புறங்கையால் தட்டி இறுக்கினான். மேல்பக்கம் கதவைச் சற்று உள்ளே தள்ளினால் அரைமுழச் சந்து கிடைக்கும்படி மட்டும் விட்டான். கூழ்ச் செம்பும் தகர டின்னும் நுழைய அது போதும். கூரைப் புல்லின்மேலும் பனி கனமாக ஏறியிருந்தது. மற்ற நாளாக இருந்தால் நீளக் கழியால் தள்ளிவிடுவான். அன்றைக்குத் தள்ளவில்லை. பனியும் ஒரு கம்பளிதானே, கிடக்கட்டும் என்று விட்டுவிட்டான். செய்த வேலையைத் தள்ளி நின்று பார்த்தபோது அவனுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. ஒரு எலி மூச்சு விட்டால்கூட வெளியே போகாது.

மறுநாளும் நிற்காமல் கொட்டியது. பகலுக்கும் வெளிச்சம் இல்லை. பேக்கோ முற்றத்தில் ஒரு வாய்க்கால் வெட்டினான். வெட்டி முடிப்பதற்குள் வெட்டின இடம் தூர்ந்தது. பட்டிச் சுவர் எங்கே, ஆடு எங்கே என்று தெரியவில்லை. ஆனாலும் பொழுதுக்கு இரண்டு தடவை சோளக் கூழ் காய்ச்சி, ஆட்டுக் கொழுப்பு ஒரு உருண்டை போட்டு, செம்பைக் கம்பளிக்குள் அணைத்துக்கொண்டு பிரசவ வீட்டுக் கதவுக்குப் போனான். கூழைக் கொடுத்துவிட்டு உடனே திரும்ப மனம் வராது. கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொள்வான். உள்ளே அவளும் அப்படியே உட்கார்ந்திருப்பாள். நடுவில் ஒரு பலகைதான்.

"ரொம்ப கட்டியாப் போச்சு கூழு. கொழகொழன்னு சுவருக்குப் பூசலாம்," என்றாள்.

"அப்போ பூசு. உள்ள சும்மாத்தான இருக்க?"

"சும்மாவா? வா, நீ வந்து பால் குடு."

பிறகு அவள் குரலை இறக்கிக்கொண்டு சொன்னாள்.

"இங்க பாரு. அக்காவும் இல்ல. ஊரும் இல்ல. பனி எல்லார் கண்ணையும் கட்டிப்போட்டிருக்கு. நான் புள்ளைய வாசல்கிட்டத் தூக்கிட்டு வரேன். நீ உள்ள வர வேண்டாம். வெளிய நின்னே பாரு. ஒரே ஒரு தடவை."

பேக்கோ கதவிலிருந்து முதுகை எடுத்துக்கொண்டான்.

"வேண்டாம்."

"கால் வச்சாத்தான தப்பு. கண்ணு வச்சா என்ன?"

"வேண்டாம் கெனுவே. போன தடவ ஒரு தடவதான் பாத்தேன்."

"நான் உன்ன எப்பவாவது சொன்னனா?" என்றாள்.

"சொல்லல. அதான். வேண்டாம்."

"சரி, கேட்டுக்கோயேன்," என்று பிள்ளையைக் கதவுப் பக்கம் கொண்டு வந்தாள். பலகையில் காதை வைத்தான். பூனைக்குட்டி பால் நக்குகிற மாதிரி ஒரு சத்தம். பிறகு ஒரு தும்மல். அவ்வளவு சின்னத் தும்மலை அவன் கேட்டதே இல்லை. வெளியில் அவன் தாடியெல்லாம் பனி உறைந்து கிடந்தது. அவன் சிரித்தபோது அது விரிந்து நொறுங்கியது.

சாயங்காலம் கரி டின்னை எடுத்துக்கொண்டு போனபோது கெனுவே கதவருகே வரக் கொஞ்சம் தாமதமாயிற்று.

"தலைய வலிக்குது. ஆணி அடிச்ச மாதிரி," என்றாள். "குமட்டிகிட்டும் வருது."

"கூழு ஒத்துக்கலையோ?"

"தெரியல. பெத்த உடம்புதான."

"நாய்வால்?"

"அவ இன்னிக்குத் தங்கம். அழவே இல்ல. பால் குடிக்கக்கூட எழுப்பத்தான் வேண்டியிருக்கு."

பேக்கோவுக்குச் சந்தோஷமாக இருந்தது. சூடு நன்றாக இருந்தால் பிள்ளை நன்றாகத் தூங்கும். அடுத்த டின்னில் அவன் வழக்கத்தைவிடக் கூடுதலாகக் கரி போட்டு, விளிம்பு வரை கனியவைத்துக் கொண்டு வந்து கொடுத்தான். இரவு முழுக்கத் தாங்கட்டும் என்று. அவள் வாங்கும்போது கை நடுங்கியது. "நல்லாப் படுத்துத் தூங்கு, காலையில அக்கா வந்துருவா," என்றான். அவள் "உம்" என்றாள். திறந்த அரைமுழத்தையும் அவன் சாக்கால் அடைத்துவிட்டு வந்து படுத்தான்.

விடிந்தபோது காற்று நின்றிருந்தது. கதவைத் தள்ளித் திறந்தவனுக்குக் கண் கூசியது. இத்தனை வெயிலும் இத்தனை வெள்ளையும் சேர்ந்தால் மனுஷன் கண் தாங்காது. மலை, ஓடை, பட்டி எல்லாம் ஒரே மாவுக்குவியல். எதிரே பிரசவ வீடு கூரையும் சுவரும் தெரியாமல் வெல்ல உருண்டை மாதிரி நின்றது. நாணலின் நுனி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"கெனுவே," என்று கூப்பிட்டான். பதில் இல்லை. ராத்திரியெல்லாம் பால் கொடுத்திருப்பாள், தூங்கட்டும் என்று நினைத்தான். நினைத்ததில் தப்பென்ன இருக்கிறது? யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். ஆடுகள் புதைந்து கிடக்கின்றனவே என்ற தவிப்பு வேறு. மண்வெட்டியோடு பட்டிக்கு ஓடினான்.

பனிக்குள் புதைந்த ஆட்டைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. அது விடுகிற மூச்சு பனியை உருக்கி மேலே வரை ஒரு துளை போட்டுவிடும். விரல் நுழைகிற துளை, ஓரமெல்லாம் பழுப்பேறியிருக்கும். அந்தத் துளையைப் பார்த்துத் தோண்டினால் ஆடு உயிரோடு இருக்கும். பேக்கோ குனிந்து குனிந்து துளை தேடினான். தேடித் தேடித் தோண்டினான். நாலைந்து செம்மறிகள் எழுந்து உதறிக்கொண்டு, ஒன்றும் நடக்காதது போல அவனைப் பார்த்தன. துளை இல்லாத இடங்களில் தோண்டவில்லை.

திரும்பி வந்து மறுபடி கூப்பிட்டான். மேலே விழுந்திருந்த பனியை விலக்கிக் கதவைத் தட்டினான். கையால், பிறகு மண்வெட்டிக் காம்பால். உள்ளே அசைவில்லை. பசித்தால் அழாத பிள்ளை உண்டா?

சுவரோரம் ஓடி நின்று கத்தினான். "லெதூக்கா! லெதூக்கா!"

பனிமேட்டுக்கு அந்தப் பக்கம் லெதூக்காவின் தலை தெரிந்தது. "என்னப்பா? ஆடு போச்சா?"

"கெனுவே பேச மாட்டேங்கிறா. உன் பெண்சாதிய அனுப்பு. உள்ள போய்ப் பாக்கணும்."

"அனுப்புறேன். வழி வெட்டிகிட்டுத்தான் வரணும், இடுப்பளவு கெடக்கு." லெதூக்கா நல்லவன். அந்த நல்லதனத்தோடுதான் அதையும் சொன்னான்: "நீ அவசரப்பட்டு உள்ள போயிடாத. பொம்பள வந்து பாக்கட்டும். போன தடவ ஞாபகம் இருக்கில்ல?"

ஞாபகம் இருந்தது. பேக்கோ கதவின் முன்னால் வந்து நின்றான். மண்வெட்டி பனியில் இறங்குகிற சத்தம் அந்தப் பக்கம் கேட்டது. இந்தப் பக்கம் ஒன்றும் கேட்கவில்லை. மேலே நாணல் நுனி வெயிலில் மினுங்கியது. உள்ளே போனால் பிள்ளை போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம். போகாவிட்டால் என்ற பயம் ஒரு பக்கம். எவ்வளவு நேரம் அப்படி நின்றான் என்று பிறகு அவன் எத்தனையோ தடவை யோசித்திருக்கிறான். ஒரு சுருட்டுப் பிடிக்கிற நேரமா, ஒரு பானை கூழ் கொதிக்கிற நேரமா? கணக்குப் பிடிபட்டதே இல்லை.

பிறகு அவன் தன் கையால் அப்பி இறுக்கிய பனியைத் தானே வெட்டினான். கதவை உதைத்தான். நுழைந்தான்.

உள்ளே இருட்டு. புகை இல்லை, வாடைகூடப் பெரிதாக இல்லை. தகர டின்னின் அடியில் கரி இன்னும் செக்கச்செவேல் என்றிருந்தது. கெனுவே பாயில் ஒருக்களித்து, வாய் திறந்து கிடந்தாள். மார்பு மெல்ல ஏறி இறங்கியது. அவனுக்கே தலை சுற்றியது. அந்தச் சுற்றலில்தான் சுரங்கம் ஞாபகம் வந்தது. சுரங்கத்தில் கெட்ட காற்று நிற்கிற குடைவுகளைக் குறுக்கே கட்டை அடித்து மூடி வைத்திருப்பார்கள். கண்ணுக்குத் தெரியாது, மணக்காது, தூக்கத்தைக் கொடுத்து மூச்சைக் குடித்துவிடும் என்று முதல் நாளே சொல்லித்தான் கீழே இறக்குவார்கள். அது பூமிக்கடியில் இருக்கிற சங்கதி என்று நினைத்திருந்தான். புகையடங்கின கரியிலும் அதே காற்று உண்டென்றும், காற்றுப் போக வழி இல்லாத வீட்டில் அதைத் தானே கம்பி கட்டித் தூக்கிக் கொடுப்போமென்றும் அவனுக்குத் தெரியாது.

கெனுவேயைக் கக்கத்தில் பிடித்து இழுத்து வந்து பனிமேல் போட்டான். ஓடிப்போய்ப் பிள்ளையை எடுத்தான். எடையே இல்லை. வெளிச்சத்துக்கு வந்தபிறகுதான் முகத்தைப் பார்த்தான். கன்னமெல்லாம் ரோஜாச் சிவப்பு. அக்கா சொன்னது சரிதான், மூக்கு அவன் மூக்குதான். இவ்வளவு சிவந்து இருக்கிற பிள்ளைக்கு ஒன்றும் ஆகியிருக்காது என்று நினைத்துச் சிரிக்கக்கூடப் போனான். கன்னத்தில் கன்னத்தை வைத்தான். வாயில் வாயை வைத்து ஊதினான். நாய்வாலே, நாய்வாலே என்று கூப்பிட்டான். பேர் பலிக்கவில்லை. சாவு வந்து பார்த்து, பேரைப் பொருட்படுத்தாமல் எடுத்துக்கொண்டு போய்விட்டது.

லெதூக்காவின் பெண்சாதி வழி வெட்டிக்கொண்டு வந்து சேர்ந்தபோது கெனுவே பனியில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். பேக்கோ பிள்ளையைக் கம்பளிக்குள் வைத்துக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். அந்தப் பெண் முதலில் பார்த்தது திறந்து கிடந்த கதவை. பிறகு வாசல் நிலையைத் தாண்டி உள்ளே போயிருந்த ரப்பர் பூட்சுத் தடத்தை. அவள் கெட்டவள் இல்லை. ஆனால் கண் பார்த்ததை வாய் சொல்லாமல் இருக்குமா?

மாதூசோ மத்தியானத்துக்கு மேல் கழியை ஊன்றி ஊன்றி ஓடையைத் தாண்டி வந்தாள். சேதி அவளுக்கு வழியிலேயே கிடைத்துவிட்டது. அடுப்படி வீட்டில் கெனுவே அடுப்போரம் கம்பளி மூடிப் படுத்திருந்தாள். மாதூசோ தம்பியைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தாள். அழுது ஓய்ந்ததும் கம்பளி நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"கதவ யாரு திறந்தது?"

"நான்தான்."

மாதூசோ வாயில் அடித்துக்கொண்டாள். "மறுபடியுமா? எத்தன சொல்லிட்டுப் போனேன். ரெண்டு நாளு. ரெண்டு நாளு உன் கால உன்னால அடக்க முடியலயா?"

பேக்கோ தலையைக் குனிந்துகொண்டான். அப்போது கம்பளிக்குள்ளிருந்து கெனுவே பேசினாள். குரல் கரகரத்துப் போயிருந்தது.

"அண்ணி, அவர ஒண்ணும் சொல்லாதீங்க. அவரு உள்ள வரல. நான் கூப்பிட்டும் வரல. தலை சுத்துது, கை கால் வரல, அவர் பேர் சொல்லிக் கூப்பிடறேன், என் வாயிலேந்து சத்தம் வரல. கதவுக்கு வெளிய நிக்கறாரு, தட்டறாரு, எனக்குக் கேக்குது. உள்ள வந்துடு வந்துடுன்னு மனசுக்குள்ள கத்தறேன். நின்னாரு. ரொம்ப நேரம் நின்னாரு." மூச்சு வாங்கினாள். "போன தடவ உள்ள வந்தாருன்னு போச்சுன்னாங்க. இந்தத் தடவ வெளிய நின்னாரு. இதுக்கு என்ன சொல்வாங்களாம்?"

அடுப்பில் எருக்கட்டி சரிந்து விழுந்தது. பேக்கோ எழுந்து வெளியே போனான்.

இந்த வயதில் போகிற பிள்ளையைப் பெண்கள்தான் புதைக்க வேண்டும், வீட்டுச் சுவருக்குப் பின்னால். ஆண்கள் அந்தப் பக்கம் திரும்பக் கூடாது. நிலம் கல்லாக இறுகியிருந்தது. முதலில் எருக்கட்டி அடுக்கித் தீ மூட்டி, மண் இளகியபிறகே கடப்பாரை இறங்கியது. பேக்கோ பட்டியில் முதுகைக் காட்டிக்கொண்டு செத்த ஆடுகளைத் தோல் உரித்துக்கொண்டிருந்தான். லெதூக்கா கூட இருந்து காலைப் பிடித்துக்கொண்டான். கடப்பாரைச் சத்தம் ஒவ்வொன்றும் இங்கே வந்து விழுந்தது. சத்தம் சீக்கிரமே நின்றுவிட்டது. சின்னக் குழிதானே.

"நீ உள்ள போனத நான் யார்கிட்டயும் சொல்லலப்பா," என்றான் லெதூக்கா. நல்லவன் அவன்.

"சொல்லு. நான் பிந்திப் போனேன்னு சொல்லு."

லெதூக்காவுக்கு அது விளங்கவில்லை. பேக்கோ கத்தியைக் கல்லில் தீட்டிக்கொண்டு அடுத்த ஆட்டை இழுத்தான். தோண்டிய குழிகளின் ஓரத்தில் அந்த மூச்சுத் துளைகளின் பழுப்புத் தடங்கள் இன்னும் இருந்தன. வாயில்லாத ஜீவன்; அதற்குக்கூட ஒரு துளை வேண்டியிருந்திருக்கிறது. அவன் அவற்றைப் பார்க்காமல் வேலை செய்தான்.

அடுத்தடுத்த நாட்களில் வெயில் ஏறியது. ராணுவ ஹெலிகாப்டர் ஒன்று மலைக்கு மலை மாவு மூட்டை போட்டுக்கொண்டு போயிற்று. எங்கள் ஊரிலும் இரண்டு மூட்டை விழுந்தது. ஒன்று வெடித்து, பனியோடு மாவு கலந்து, எது எது என்று தெரியாமல் அள்ளினார்கள். பிள்ளைகள் கம்பளியை ஆட்டிக் கும்மாளம் போட்டன. இப்படி ஒரு பனி எப்போது வந்தது என்று பெரியவர்கள் வாதாடினார்கள். பேக்கோவின் கால் பற்றியும் பேச்சு நடந்தது. வேறு பேச்சு இல்லாத ஊர்.

கெனுவே பிரசவ வீட்டுக்கே திரும்பிப் போய்விட்டாள். நாணல் நிற்கிறவரை அங்கேதான் இருக்க வேண்டும் என்றாள். பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாகக் கனத்தது. மாதூசோ உப்புத் துணியைச் சுடவைத்து ஒத்தடம் கொடுத்தாள். பேக்கோ வழக்கம் போலக் கூழ் காய்ச்சிக் கொண்டுபோய் வாசலில் வைத்துவிட்டுத் திரும்பினான். கதவு இப்போது அகலத் திறந்தே கிடந்தது. இருந்தாலும் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. பலகை நடுவில் இருந்தபோது இருந்த பேச்சு, பலகை இல்லாதபோது இல்லை.

ஒரு நாள் மத்தியானம் அவன் செம்பைக் கீழே வைத்து நிமிர்ந்தபோது கெனுவே வாசலில் வந்து நின்றாள். பிள்ளை பெற்றபின் அவளை அவன் நேருக்கு நேராக, நன்றாகப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. அவள் குதிகாலை உயர்த்தி, கையை மேலே நீட்டி, கூரைப் புல்லிலிருந்து நாணலை உருவினாள். உள்ளே மாதூசோ, "அத நான்தாண்டி எடுக்கணும், அதுக்கு நாள் இருக்கு," என்று எழுந்து வந்தாள். கெனுவே காதில் வாங்கவில்லை. குச்சியை இரண்டாக ஒடித்து முற்றத்துச் சேற்றில் போட்டாள்.

"இனிமே வரலாம்," என்றாள். "உன் காலால கெட்டுப்போறதுக்கு இங்க ஒண்ணும் இல்ல."

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவன் தாங்கியிருப்பான். பேக்கோ நிலைப்படிக்கு முன்னால் நின்றான். கால் எழவில்லை. கூரையில் கிடந்த பனி வெயிலில் இளகி, புல் நுனி வழியாகச் சரம் சரமாக வடிந்துகொண்டிருந்தது. அது அவன் தலையில் விழுந்தது, கழுத்தில் இறங்கியது, கம்பளிக்குள் ஓடி முதுகை நனைத்தது. அக்கா கவிழ்த்த வாளித் தண்ணீர் போன வழியிலேயே போய் ரப்பர் பூட்சுக்குள் தங்கியது. அவன் நகரவில்லை. தோள் மட்டும் குலுங்க ஆரம்பித்தது.

கெனுவே கொஞ்ச நேரம் அவனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வாசலைத் தாண்டி வந்து அவன் கையைப் பிடித்தாள்.

"நனைஞ்சுகிட்டு நிக்காத," என்றாள். "உள்ள வா."